ரோஹிணி கோட்போலே: பின்னணியைக் கணக்குப் போட்டவர்

இந்தியாவில் பெண்கள் அறிவியல் பக்கம் வருவதே இல்லை என்று யாராவது சொன்னால், பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரியின் பி.எஸ்சி. இயற்பியல் வகுப்பை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம். பாதி பெஞ்சுகளில் மாணவிகள்தான் இருப்பார்கள். பல ஊர்களில் பாதிக்கும் மேல். எம்.எஸ்சி.யிலும் அப்படித்தான். அங்கிருந்து கிளம்பி ஏதாவது ஒரு தேசிய ஆய்வு நிறுவனத்துக்குப் போய் பேராசிரியர்களின் பெயர்ப் பலகையைப் படித்தால் கதை தலைகீழ். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கணக்குப்படி, 2018இல் நாட்டில் நேரடியாக ஆராய்ச்சி வேலையில் இருந்தவர்களில் பெண்கள் 16.6 சதவீதம். ஆறு பேரில் ஒருவர்.

நடுவில் எங்கே போனார்கள்? இதற்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் உண்டு: கல்யாணம், குழந்தை, மாமியார், மாமனார். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இந்தப் பதிலை யாரும் சரிபார்த்ததில்லையே என்று உட்கார்ந்து கணக்கெடுத்தவர்களில் முக்கியமானவர், துகள் இயற்பியலாளர் ரோஹிணி கோட்போலே.

2024 அக்டோபர் 25 அன்று புணேயில், 71 வயதில் அவர் காலமானபோது வந்த அஞ்சலிக் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருந்தன. முதல் துண்டில் குவார்க், ஹிக்ஸ், பத்மஸ்ரீ. இரண்டாவது துண்டில் ‘அறிவியலில் பெண்களுக்காகக் குரல் கொடுத்தவர்’. இந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. இயற்பியலில் அவர் பெயர் நிலைத்தது பின்னணிக் குப்பையையும் உண்மையான சமிக்ஞையையும் பிரித்துப் பார்க்கும் வேலையில். பெண்கள் விஷயத்தில் அவர் செய்ததும் பெரும்பாலும் அதுதான். இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் இயற்பியலுக்குள் போகவேண்டும். கணக்குச் சமன்பாடு எதுவும் வேண்டியதில்லை.

புணேயிலிருந்து பம்பாய்க்கு

1952 நவம்பர் 12 அன்று புணேயில் பிறந்தவர். நான்கு சகோதரிகளில் ஒருவர். படித்தது ஹுசூர்பாகா பெண்கள் பள்ளியில். 1880களில் தொடங்கிய, மகாராஷ்டிரத்தில் பெண் கல்வி என்றாலே நினைவுக்கு வரும் பள்ளி அது. அப்படிப்பட்ட பள்ளியிலேயே ஏழாம் வகுப்பு வரை பெண்களுக்கு அறிவியல் என்ற பெயரில் சொல்லித்தரப்பட்டது மனையியல்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் கிடையாது. ஆனால் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கான மாநில உதவித்தொகைத் தேர்வில் அந்தப் பாடங்களிலிருந்தும் கேள்வி வரும். ஆக, பள்ளியில் இல்லாத பாடத்தை வெளியே படித்துத்தான் அந்தத் தேர்வை எழுதவேண்டும். அவர் படித்தார், எழுதினார். அந்தப் பள்ளியிலிருந்து அந்த உதவித்தொகையைப் பெற்ற முதல் மாணவியானார்.

இந்தச் சம்பவத்தை ‘தடைகளைத் தாண்டிய சிறுமி’ என்று எழுதிவிட்டுக் கடந்து போகலாம், பலர் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் அந்தத் தேர்வில் தோற்றிருக்கக்கூடிய, அல்லது எழுதவே வராத மற்ற மாணவிகளின் பக்கம் நின்று பார்த்தால், பாடத்திட்டத்தில் இருந்த ஓட்டை அவர்களின் திறமைக் குறைவாகப் பதிவாகியிருக்கும். பிற்காலத்தில் கோட்போலே திரும்பத் திரும்பப் பேசியது இந்த வகைக் கணக்குப் பிசகைப் பற்றித்தான்.

அப்புறம் நடந்தவை வேகமாகச் சொல்லிவிடக்கூடியவை. புணே சர் பரசுராம்பாவ் கல்லூரியில் பி.எஸ்சி., பம்பாய் ஐஐடியில் எம்.எஸ்சி., அமெரிக்காவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் முனைவர் பட்டம். நோபல் பரிசு பெற்ற சி.என். யாங் தலைமையிலான கோட்பாட்டு இயற்பியல் நிறுவனம் இருந்த இடம் அது. 1979இல் பட்டம் வாங்கிய கையோடு இந்தியாவுக்குத் திரும்பி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூன்றாண்டுகள் இருந்தார். 1982இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை. பதின்மூன்று ஆண்டுகள் அங்கேதான்.

இந்தப் பதின்மூன்று ஆண்டுகளை யாரும் அதிகம் கண்டுகொள்வதில்லை. இந்தியாவில் அடிப்படை ஆராய்ச்சிக்கான பணமும் ஓய்வான நேரமும் டாடா நிறுவனம் மாதிரி இடங்களுக்குப் போகும். பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு வகுப்பு, விடைத்தாள், மறுபடி வகுப்பு. கோட்போலேயின் பெயரை உலகம் அறியவைத்த இரண்டு வேலைகளும் அந்தப் பல்கலைக்கழகக் காலத்தில் வந்தவை.

கூட்டத்தில் தனியாக வரும் துகள்

1983ஐ எடுத்துக்கொள்வோம். புரோட்டான் போன்றவற்றுக்குள் இருக்கும் அடிப்படைத் துகள்களான குவார்க்குகள் ஆறு வகை என்று கோட்பாடு சொல்கிறது. ஐந்து கிடைத்துவிட்டன. ஆறாவதான டாப் குவார்க்கைக் காணோம். ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் புரோட்டானையும் எதிர்ப்புரோட்டானையும் மோதவிடும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆண்டுதான் அங்கே டபிள்யூ, இசட் துகள்கள் பிடிபட்டன. அடுத்தது டாப் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

டாப் குவார்க் பிறந்த மறுகணமே சிதைந்துவிடும். சிதையும்போது சில வேளைகளில் ஒரு எலெக்ட்ரானோ மியூவானோ வெளிவரும். இவற்றைப் பொதுவாக லெப்டான் என்பார்கள். சரி, லெப்டான் வந்தால் டாப் என்று எழுதிக்கொள்ளலாமா? முடியாது. ஏற்கெனவே தெரிந்த பாட்டம், சார்ம் குவார்க்குகள் சிதைந்தாலும் லெப்டான் வரும். அவை டாப்பைவிட ஏராளமாக உற்பத்தியாகும். தேடுகிற ஒன்றைத் தேடாத ஆயிரம் மூடிக்கொண்டிருக்கும்.

கோட்போலே, சந்தீப் பக்வாசா, டி.பி. ராய் மூவரும் அந்த ஆண்டு எழுதிய ஒரு சிறு கட்டுரை இதற்கு எளிமையான ஒரு வழி காட்டியது. லெப்டான் வருகிறதா என்று பார்த்தால் போதாது, அது எப்படி வருகிறது என்று பாருங்கள் என்றது. பாட்டம், சார்ம் ஆகியவை எடை குறைந்தவை. வேகமாகப் பாயும் அவற்றிலிருந்து வரும் லெப்டான், திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட ஆள் போல, கூடவே பாயும் துகள் கற்றையின் நடுவே வரும். டாப் கனமானது. அது உடையும்போது துண்டுகள் நாலா திசையிலும் விலகிச் சிதறும், ஆகவே லெப்டான் அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக நிற்கும். அப்படித் தனித்து நிற்கிற லெப்டானை மட்டும் பொறுக்கி எடுத்தால் பின்னணி பெருமளவு கழிந்துவிடும்.

பின்னணி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அடுத்த ஆண்டே உதாரணம் கிடைத்தது. செர்ன் இயந்திரத்தின் யூஏ1 குழு, 1984இல், 40 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் எடைப் பக்கத்தில் டாப் தென்படுகிறது என்று அறிவித்தது. தரவு கூடக் கூட அது கரைந்து போயிற்று. வழக்கமான நிகழ்வுகள்தான் அப்படித் தோற்றம் காட்டியிருந்தன. நிஜமான டாப் குவார்க் 1995இல்தான் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் பிடிபட்டது. எடை சுமார் 173 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட், ஒரு தங்க அணுவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்தத் தேடலில் தனித்த லெப்டான் என்பது அடிப்படையான வடிகட்டிகளில் ஒன்றாக இருந்தது. இன்றும் செர்னின் பெரிய ஹாட்ரான் மோதுவியில் இது அன்றாடப் புழக்கம்.

சுத்தம் என்று நம்பிய இயந்திரம்

இரண்டாவது வேலை இன்னும் சுவாரசியமானது. அவர் பெயரே ஒட்டிக்கொண்டதும் இதில்தான்.

புரோட்டான்களை மோதவிடுவது குப்பை நிறைந்த வேலை. புரோட்டானுக்குள் குவார்க்குகளும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் இருப்பதால் ஒரு மோதலில் நூற்றுக்கணக்கான துகள்கள் சிதறும். எலெக்ட்ரானுக்கு உள்ளுறுப்பு கிடையாது. அதனால் எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டால் முடிவு சுத்தமாக இருக்கும் என்பது துறையில் பாலபாடம். 1980களின் இறுதியில் ராட்சத எலெக்ட்ரான் மோதுவிகளுக்குத் திட்டம் போடத் தொடங்கியபோது அடிக்கடி சொல்லப்பட்ட காரணமும் இந்தச் சுத்தம்தான்.

கோட்போலேயும் ஜெர்மானிய இயற்பியலாளர் மானுவல் ட்ரீஸும் 1991இல் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். அவர்களின் வாதத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம். எதிர்காலத்தில் கட்டப்போகும் மோதுவியில் போதுமான மோதல்கள் நடக்க வேண்டுமென்றால், கோடிக்கணக்கான எலெக்ட்ரான்கள் கொண்ட பொதியை நானோமீட்டர் கணக்கில் நசுக்க வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் ஒவ்வொரு பொதியின் மின்காந்தப் புலமும் பயங்கர வலிமை பெறும். எதிரே வரும் பொதியின் துகள்கள் அந்தப் புலத்தில் வளையும். வளைந்தால் ஒளி உமிழும். பீம்ஸ்ட்ராலங் என்று இதற்குப் பெயர். ஆகவே எலெக்ட்ரான் கற்றை தன்னோடு ஒளித்துகள்களான ஃபோட்டான்களின் கற்றையையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

ஃபோட்டான்தானே, என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். குவாண்டம் விதிகளின்படி உயர் ஆற்றல் ஃபோட்டான் சில கணங்களுக்கு ஒரு குவார்க், எதிர்க்குவார்க் ஜோடியாக மாறி நிற்கும். அந்தக் கணத்தில் பார்த்தால் அதற்கும் புரோட்டான் போல ஒரு உள் கட்டமைப்பு உண்டு. இரு பக்கத்திலிருந்தும் வரும் இப்படிப்பட்ட ஃபோட்டான்கள் மோதினால் குட்டிக் குட்டி ஜெட்கள், அதாவது துகள் பீறல்கள், தெறிக்கும். எலெக்ட்ரான் மோதுவியில் வரவே வராது என்று நினைத்த ஹாட்ரான் (குவார்க்குகளால் ஆன துகள்) குப்பை, பின் கதவு வழியாக உள்ளே வந்துவிடும். எவ்வளவு வரும் என்பது பொதியை எப்படி வடிவமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ட்ரீஸ்–கோட்போலே விளைவு என்று சொல்லப்படுவது இதுதான்.

ஃபோட்டானுக்குள் இப்படி ஒரு கட்டமைப்பு இருப்பதன் விளைவுகள் 1990களில் ஜப்பானின் டிரிஸ்டன், ஜெர்மனியின் ஹெரா ஆகிய இயந்திரங்களில் அளக்கப்பட்டன. அவர்கள் கணக்குப் போட்ட வகை ராட்சத நேர்கோட்டு மோதுவி இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் செர்ன் வரைந்து வைத்திருக்கும் ‘கிளிக்’ மோதுவியின் வடிவமைப்பைப் பார்த்தால் அந்த 1991 கணக்கின் நிழல் தெரியும். 3 டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒவ்வொரு முறை பொதிகள் ஒன்றையொன்று கடக்கும்போதும் இப்படிப்பட்ட ஃபோட்டான் மோதல்கள் சராசரியாக மூன்று நடக்கும். பொதிகளுக்கிடையே இடைவெளி அரை நானோவினாடி. குப்பையையும் விஷயத்தையும் நேரத்தை வைத்துப் பிரிக்கவேண்டியிருப்பதால் உணர்விகள் நானோவினாடித் துல்லியத்தில் முத்திரை குத்தியாக வேண்டும். கட்டாத ஒரு இயந்திரம் என்ன குப்பை போடும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, கட்டுபவர்களின் வரைபடத்தை மாற்றவைப்பது எளிய சாதனை இல்லை.

இதற்குப் பிறகு அவர் 1995இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு மாறினார். ஹிக்ஸ் துகளின் சமச்சீர்ப் பண்புகள், டாப் குவார்க்கின் சுழற்சி நோக்குநிலை, மீச்சமச்சீர்த் துகள்கள் (தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் இருக்கலாம் என்று கோட்பாடு சொல்லும் ஜோடித் துகள்கள்) என்று வேலை விரிந்தது. ட்ரீஸ், புரோபிர் ராய் ஆகியோருடன் சேர்ந்து மீச்சமச்சீர்த் துகள்கள் குறித்துப் பருமனான ஒரு பாடநூல் எழுதினார். திட்டமிடப்படும் சர்வதேச நேர்கோட்டு மோதுவியின் உணர்விகளுக்கான ஆலோசனைக் குழுவிலும் இருந்தார்.

ராமன் விட்டுச்சென்ற கட்டடம்

கோட்போலே சேர்ந்த இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1933இல் பம்பாயில் பட்டப்படிப்பில் முதலிடம் பெற்ற கமலா பாகவத், பின்னாளில் கமலா சோஹோனி, இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அன்றைய இயக்குநர் சர் சி.வி. ராமன் மறுத்தார். காரணம் மதிப்பெண் இல்லை, பெண் என்பது. கமலா விடவில்லை. நேரில் போய் மல்லுக்கட்டி, ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு நுழைந்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

அடுத்த சில ஆண்டுகளில் ராமனின் சொந்த ஆய்வகத்திலேயே பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மணி. வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒரு நிறமாலையைப் பதிவுசெய்ய ஒளித்தகட்டைப் பதினைந்து, இருபது மணி நேரம் திறந்துவைக்கவேண்டிய வேலை அது. தனிப் பெயரில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தபோது, எம்.எஸ்சி. இல்லாததால் முனைவர் பட்டம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு மாணவியான சுனந்தா பாய்க்கும் அதே கதி. அன்னா மணி பின்னர் வானிலைத் துறையில் கருவிகள் செய்து நாடு முழுக்க அறியப்பட்டார் என்பது வேறு விஷயம்.

1934இல் இந்திய அறிவியல் அகாடமியைத் தோற்றுவித்தவரும் அதே ராமன்தான். சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து, அறிவியலில் பெண்களின் நிலையை ஆராய அந்த அகாடமி ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் கோட்போலே.

அந்தக் குழுவின் முதல் பெரிய வேலை, 2008இல் வெளிவந்த ‘லீலாவதியின் மகள்கள்’ என்ற ஆங்கிலத் தொகுப்பு. இயற்பியலாளர் ராம் ராமசாமியும் கோட்போலேயும் பதிப்பாசிரியர்கள். ஆனந்திபாய் ஜோஷி, ஜானகி அம்மாள் தொடங்கி அன்று வேலையில் இருந்தவர்கள் வரை ஏறத்தாழ நூறு பெண் விஞ்ஞானிகள். உயிரோடு இருப்பவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள். யோசனை எளியது: பள்ளி மாணவியிடம் பெண் விஞ்ஞானி ஒருவர் பெயரைச் சொல் என்றால் மேரி கியூரி என்கிறாள். அடுத்த பெயர் வரமாட்டேன் என்கிறது. அந்த அடுத்த நூறு பெயரைக் கொடுத்துவிட வேண்டும்.

தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒருவர் அதில் இருக்கிறார்: சென்னைப் பல்கலைக்கழகக் கோட்பாட்டு இயற்பியல் துறையின் பி. விஜயலட்சுமி. கட்டுப்பாடான குடும்பப் பின்னணியிலிருந்து வந்தவர். உயர் சுழற்சித் துகள்களுக்கான சார்பியல் சமன்பாடுகளில் வேலை செய்தார். ஆராய்ச்சி மாணவர்களின் உரிமைகளுக்காகப் பல்கலைக்கழகத்தில் சங்கம் கட்டுவதிலும் முன்னால் நின்றார். புற்றுநோயோடு போராடியபடியே, சக்கர நாற்காலியில் இருந்தும் ஆய்வைத் தொடர்ந்து 1982இல் முனைவர் பட்டம் பெற்றார். 1985இல் மறைந்தார். இந்தத் தொகுப்பு வந்திருக்காவிட்டால் அவர் பெயர் சென்னையிலேயே சிலருக்கு மட்டும் நினைவில் இருந்திருக்கும்.

தொகுப்பு நல்லது, ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. அதில் இருப்பவர்கள் எல்லாரும் தாக்குப்பிடித்தவர்கள். அப்பா ஆதரித்தார், கணவர் புரிந்துகொண்டார், வழிகாட்டி நல்ல மனிதர் என்ற வரிகள் கட்டுரைக்குக் கட்டுரை வருகின்றன. பெரும்பாலானவர்கள் நகரத்து, படித்த, மேல்சாதி நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் என்பதும் வாசிக்க வாசிக்கத் தெரியும். சாதி என்ற கேள்வியை அந்தத் தொகுப்பு ஏறக்குறைய தொடவேயில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரியாக விழுப்புரத்திலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வரும் மாணவிக்கு அதில் பாதிக் கதைகள் தூரத்துக் கதைகளாகவே தெரியும். வெற்றி பெற்றவர்களை மட்டும் பார்த்து வெற்றியின் காரணத்தைச் சொல்வது, எந்தத் துகள் இயற்பியலாளரும் தன் ஆய்வில் செய்யத் துணியாத தவறு.

போனவர்களிடம் போய்க் கேட்டது

அடுத்த வேலை அங்கேதான் முக்கியமாகிறது. 2010இல் அகாடமியும் பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. அனிதா குருப், ஆர். மைத்ரேயி, பி. காந்தராஜு, கோட்போலே ஆகியோர் எழுதியது. பயிற்சி பெற்ற பெண் விஞ்ஞானிகளில் எத்தனை பேரை, ஏன் இழக்கிறோம் என்பது கேள்வி. வேலையில் இருக்கும் பெண்களோடு நிறுத்தாமல், முனைவர் பட்டம் வாங்கிய பிறகு ஆராய்ச்சியில் இல்லாத பெண்களையும் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். ஒப்பிட ஆண்களையும் கேட்டார்கள். தரவில் காணாமல் போனவர்களைத் தரவுக்குள் கொண்டுவருவது எளிதல்ல. வேலையில் இருப்பவரின் முகவரி நிறுவனத்தில் கிடைக்கும். விலகியவரின் முகவரி யாரிடம் இருக்கும்?

பெண்கள் ஏன் விலகுகிறார்கள் என்று கேட்டால் ஆண் விஞ்ஞானிகளில் பலர் சொன்ன பதில் எதிர்பார்த்ததுதான்: குடும்பம். விலகிய பெண்கள் சொன்னது வேறு. தகுந்த வேலை கிடைக்கவில்லை, நிறுவனத்தின் நடைமுறைகள் ஒத்துவரவில்லை என்பவை அவர்கள் பதில்களில் முன்னே நின்றன. வீட்டுப் பொறுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், ஆராய்ச்சியில் தொடர்ந்த பெண்களிலும் பெரும்பாலோர் குடும்பமும் குழந்தையும் உள்ளவர்களாக இருக்கிறார்களே, அது எப்படி? அதே அறிக்கையின் இன்னொரு எண் நெருடுகிறது. ஆராய்ச்சியில் தொடர்ந்த பெண்களில் கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள் 14 சதவீதம். ஆண்களில் 2.5 சதவீதம். ஆண் விஞ்ஞானிக்குக் குடும்பம் ஒரு துணை. பெண் விஞ்ஞானி சில வேளைகளில் இரண்டில் ஒன்றை விடவேண்டியிருக்கிறது.

‘வேலை கிடைக்கவில்லை’ என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் விளங்கும். பட்டம் முடிக்கும்போது வயது இருபத்தெட்டு, முப்பது. நல்ல நிறுவனங்கள் வெளிநாட்டில் சில ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வு செய்தவரையே விரும்புகின்றன. பல ஆய்வு நல்கைகளுக்கும் பணிகளுக்கும் வயது வரம்பு முப்பத்தைந்து பக்கம். இந்த ஏழெட்டு ஆண்டுகளுக்குள்தான் கல்யாணமும் பிரசவமும் வருகின்றன. கணவனும் மனைவியும் ஒரே துறையில் இருந்தால் ஒரே நிறுவனத்தில் இருவரையும் எடுப்பதில்லை என்ற எழுதாத விதி பல இடங்களில் உண்டு. எந்த ஆவணத்திலும் இருக்காது, ஆனால் தேர்வுக் குழுவில் எல்லாருக்கும் தெரியும். நேர்காணலில் பெண்ணிடம் ‘கல்யாணம் எப்போது?’, ‘கணவர் எங்கே வேலை பார்க்கிறார்?’ என்ற கேள்விகள் சாதாரணமாக விழும். ஆணிடம் விழாது. இவற்றில் ஒவ்வொன்றும் சின்ன விஷயம், சேர்ந்தால் கதவு மூடிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது என்னவோ, கல்யாணம் ஆனது, ஆராய்ச்சியை விட்டார் என்பது மட்டும்தான்.

1983 கட்டுரையைப் படித்தவருக்கு இது பழக்கமான காட்சி. இரண்டு வெவ்வேறு காரணங்கள் ஒரே மாதிரியான தடயத்தை விட்டுச்செல்கின்றன. அதிகம் கண்ணில் படுவதைக் காரணம் என்று எழுதிவிடுவது சுலபம். இந்த ஒப்புமையை அவரே சொன்னாரா என்பது முக்கியமில்லை, வேலை அப்படி இருந்தது.

அறிக்கையின் பரிந்துரைகள் ஊக்கப் பேச்சுகளாக இல்லை. வளாகத்தில் குழந்தைகள் காப்பகம், குடியிருப்பு, போக்குவரத்து. தேர்வுக் குழுக்களில் பெண்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆசிரியர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பொதுவில் வெளியிடுவது. காலக்கெடுவோடு இலக்கு வைத்துப் பணியமர்த்துவது. எல்லாமே நிறுவனங்களுக்குச் சொன்னவை. பெண்ணுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுங்கள் என்ற வகையறா அதில் மையமாக இல்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த அம்சம் இதுதான். நம் ஊரில் பெண்கள் தினம் வந்தால் ஆய்வு நிறுவனங்களில் ரோஜாப் பூ கொடுத்து, உடல்நலம் பற்றி ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்துவிட்டு, காப்பகக் கோப்பை இன்னும் ஒரு வருடம் தள்ளிவைப்பார்கள்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இடைவெளிக்குப் பிறகு ஆராய்ச்சிக்குத் திரும்பும் பெண்களுக்கான உதவித்திட்டம் அறிவியல் தொழில்நுட்பத் துறையில் 2000களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. பலர் அதனால் திரும்பி வந்தார்கள். ஆனால் அது சில ஆண்டு நல்கை, நிரந்தர வேலை அல்ல. காலம் முடிந்ததும் நாற்பது வயதில் மறுபடி விண்ணப்பப் படிவம். திரும்பி வர உதவுவதும் போகாமல் வைத்துக்கொள்வதும் வேறு வேறு செலவு. முதலாவது மலிவு.

இயற்பியலாளர்கள் தங்களையே கணக்கெடுத்தபோது

2017இல் இந்திய இயற்பியல் சங்கத்துக்குள் பாலினம் குறித்த பணிக்குழு ஒன்று உருவானது. சென்னை ஐஐடியின் நீலிமா குப்தே போன்றவர்கள் பல ஆண்டுகளாக இந்த விவாதத்தில் கோட்போலேயோடு சேர்ந்து எழுதியும் பேசியும் வந்தவர்கள். 2019 செப்டம்பரில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் பாலின சமத்துவம் குறித்த தேசிய மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக ‘ஹைதராபாத் சாசனம்’ என்று ஒன்று வந்தது. இயற்பியலில் பெண்கள் குறைவாக இருப்பதற்குப் பிறவித் திறனோ ஆர்வமோ காரணமில்லை, சமூகமும் நிறுவனங்களும் நடந்துகொள்ளும் விதமே காரணம் என்ற நிலைப்பாட்டிலிருந்து அது தொடங்குகிறது. கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் இதை ஒரு துறை தானே எழுதி ஒப்புக்கொள்வது இந்தியாவில் புதிது. வேதியியல், பொறியியல் அமைப்புகள் இந்த அளவுக்கு இறங்கி வந்து நான் பார்த்ததில்லை.

அதே காலத்தில் அறிவியல் தொழில்நுட்பத் துறை ‘கதி’ என்ற முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் 2005இலிருந்து ஓடும் அதீனா ஸ்வான் திட்டத்தை ஒட்டியது. நிறுவனமே தன்னைத் தணிக்கை செய்யவேண்டும்: எத்தனை பெண்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை நேர்காணலுக்கு அழைத்தோம், எத்தனை பேரை எடுத்தோம், பதவி உயர்வு எந்த வயதில் யாருக்கு, விடுப்பு எடுத்தவர்களுக்கு என்ன ஆனது. முதல் கட்டமாக 30 நிறுவனங்கள். இதன் பின்னால் நின்று தள்ளியவர்களில் கோட்போலேயும் ஒருவர். சுயதணிக்கையில் ஒரு பலவீனமும் உண்டு. மதிப்பெண் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள் என்றால் தாள் நிறையும், நடைமுறை மாறாது. பிரிட்டனில் அந்தத் திட்டத்துக்குப் பல் முளைத்தது, சில ஆராய்ச்சி நிதிகளை அதோடு இணைத்துப் பேசத் தொடங்கிய பிறகுதான். இங்கே பணத்தோடு அதை இணைக்கும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

கோட்போலேக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2021இல் பிரான்ஸ் அரசு தன் தேசிய விருதை அளித்தது. நாட்டின் மிக மதிப்புள்ள அறிவியல் பரிசாகக் கருதப்பட்ட சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1958இல் தொடங்கிய அந்தப் பரிசு, இயற்பியல் பிரிவில் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகப் போனது 2018இல். பிரயாக்ராஜ் ஹரீஷ்–சந்திரா ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிதி சென் தே அதைப் பெற்றார். இடையில் அறுபது ஆண்டுகள். அந்தப் பரிசுக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. 2024இலிருந்து பெயரையும் அமைப்பையும் மாற்றி ‘விஞ்ஞான் யுவா’ என்று வழங்குகிறார்கள். வயது வரம்பு நாற்பத்தைந்தாகவே இருக்கிறது.